மனு எழுதத் தெரியுது, பணம்தான் வரல: காசிமேடு களப்பணி

கள_மாணவி:
சென்னை காசிமேடு மீனவர் பகுதியில முதியோர், விதவை உதவித்தொகைக்கு மனு போட்டுக் குடுக்கறோம். திட்டம், தகுதி எல்லாம் வகுப்புல படிச்சாச்சு. ஆனா பாதி வீடு பூட்டிக் கிடக்கு. இருக்கறவங்களும் 'ஒண்ணும் வேணாம்மா'ன்னு அனுப்பிடறாங்க. ஒப்புதல் ஆன ரெண்டு பேருக்குப் பணமே ஏறல. எங்க சறுக்குது?

வலைத்தெரு:
காலையில போறீங்களா? மீன் ஏலம் விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடும். கூடைக்கார அம்மாங்க வித்துட்டு வந்து உக்கார மதியம் ஆகும், அப்ப போங்க. வாசல்லயே பேப்பரை நீட்டாதீங்க. குழுக்கடன் வசூலோ, வீட்டைக் காலி பண்ற கணக்கெடுப்போன்னுதான் நெனப்பாங்க. 'மாச வருமானம் எவ்வளவு'ன்னு கேட்டா பதில் வராது. 'நேத்து கூடை எவ்வளவுக்கு எடுத்தீங்க, வித்தது எவ்வளவு, வட்டிக்கு எவ்வளவு போச்சு'ன்னு கேளுங்க. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம். நல்ல மாசக் கணக்கை 12-ஆல பெருக்கினா தப்பாயிடும்.

மூணாவது_மாடி:
'வங்கிக் கணக்கு இருக்கா' கேள்வியே வீண். 'கடைசியா எப்ப பணம் எடுத்தீங்க'ன்னு கேளுங்க. ரெண்டு வருஷம் போட்டு எடுக்கலன்னா கணக்கு முடங்கிடும். ஆதாரோட கிளைக்குப் போய் கேஒய்சி (அடையாள, முகவரி விவரம்) குடுத்து எழுப்பணும். ஆதார் வழியா அனுப்பற பணம், கையில இருக்கற பாஸ்புக்குக்கு வராது. கடைசியா ஆதார் இணைச்ச வங்கிக்குத்தான் போகும். அதை ஆதார் தளத்துல பார்க்க ஓடிபி வேணும், அது வர்ற போன் நம்பர் யார்கிட்ட இருக்குன்னு முதல்லயே கேட்டுக்குங்க. இனிஷியலையும் பாருங்க. ஒரு அட்டையில அப்பா எழுத்து, இன்னொண்ணுல புருஷன் எழுத்து.

பழவேலை:
விதவை மனுவுல ஒரு முடிச்சு இருக்கு. கடலுக்குப் போய் உடல் கிடைக்காதவருக்கு இறப்புச் சான்று லேசுல வராது. ஏழு வருஷம் தகவலே இல்லன்னாதான் சட்டம் இறந்ததா அனுமானிக்கும், அதுக்கும் கோர்ட் அலைச்சல் உண்டு. அந்தம்மாவுக்கு 60 தாண்டியிருந்தா விதவை மனுவை விட்டுட்டு முதியோர் மனு போடுங்க. ரெண்டையும் சேர்த்து வாங்க முடியாது. படிவத்துல எது பொருந்துதுன்னு பார்த்தா போதாது, எதுக்குக் காகிதம் கையில இருக்குன்னு பாருங்க. வயசு இடிச்சா உடனே ஆதார்ல பிறந்த தேதியை மாத்தப் போகாதீங்க. ஒரு தடவைதான் மாத்த விடுவாங்க.

கள_மாணவி:
பார்த்துட்டேன். ஒருத்தர் பாஸ்புக்குல கடைசிப் பதிவு 2021. இன்னொருத்தர் ஆதார்ல இணைச்ச போன் நம்பர் மருமகனோடது. அவர் படகுல இருக்கார், கரை சேர நாலு நாள் ஆகுமாம்.