எழுந்து உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் காணோம்

பாப்பாஅம்மா:
சிசேரியன் ஆகி நான்காவது நாள், இன்னும் ஆஸ்பத்திரியில்தான். படுத்திருக்கும்வரை ஒன்றுமே இல்லை. பால் கொடுக்க எழுந்து உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் பின்மண்டையில் பிடித்து நெற்றிவரை இழுக்கிறது, கழுத்தும் இறுகிக்கொள்கிறது, படுத்தால் விட்டுவிடுகிறது. பச்சை உடம்பில் காற்று புகுந்துவிட்டது என்று மாமியார் காதில் பஞ்சு வைத்துவிட்டார். முதுகில் போட்ட ஊசியாலா?

மயக்கமருந்துக்காரன்:
நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. மூளையும் தண்டுவடமும் ஒரு நீரில் மிதக்கின்றன. ஊசி அந்த நீர் இருக்கும் உறையைத் துளைத்துத்தான் உள்ளே போகும், துளை சீக்கிரம் மூடாவிட்டால் நீர் கசியும், நிமிரும்போது மூளைக்கு அடியில் தாங்கல் குறைந்து அதைச் சுற்றியுள்ள உறைகள் இழுபடும். 1898இல் இந்த ஊசியை முதலில் போட்டுப் பார்த்த ஜெர்மன் டாக்டர் ஆகஸ்ட் பியருக்கே இதே தலைவலி வந்தது! இப்போது மெல்லிய பென்சில் முனை ஊசி வந்தபிறகு குறைந்திருக்கிறது. ஆனால் யாரும் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள். காய்ச்சல், வலிப்பு, பார்வை மங்கல், பிபி ஏறுவது, அல்லது படுத்தாலும் வலி விடாமல் இருப்பது, இதில் எது இருந்தாலும் உடனே சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பின் மூளை ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பதும் உண்டு.

ரெண்டுபிள்ளை:
எனக்கு இரண்டாவது பிரசவத்தில் இதேதான். தண்ணீர், மாத்திரை, காபி என்று மூன்று நாள் தள்ளினேன், பல் விளக்கக்கூட நிற்க முடியவில்லை. கடைசியில் கையிலிருந்து என் ரத்தத்தையே 20 மில்லி எடுத்து முதுகில் அதே இடத்துப் பக்கம் செலுத்தினார்கள், அது உறைந்து ஓட்டையை அடைக்குமாம். அன்று சாயங்காலமே உட்கார்ந்து தோசை சாப்பிட்டேன். முதுகு மட்டும் இரண்டு நாள் கனத்தது.

சைனஸ்சங்கர்:
எனக்கு நேர் எதிர். ஷூ லேஸ் கட்டக் குனிந்தால்தான் கன்னமும் நெற்றியும் தெறிக்கும். அதுவும் இதுதானா?

மயக்கமருந்துக்காரன்:
இல்லை சார், அது வேறு. சளி, மூக்கடைப்போடு இருந்தால் சைனஸாக இருக்கலாம். ஆனால் படுத்தால், இருமினால் வலி கூடுகிறது, காலையில் எழும்போதே வலி, வாந்தி என்றால் மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம், தள்ளிப்போடக் கூடாது.

பாப்பாஅம்மா:
டியூட்டி டாக்டரிடம் சொல்லிவிட்டேன். பிபி நார்மல், காய்ச்சல் இல்லை, மயக்க டாக்டர் வந்து பார்ப்பாராம். காபி கேட்டதற்கு மாமியார் ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபி கொண்டுவந்திருக்கிறார், அதில் காபித்தூளே இல்லை. கேன்டீனுக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன்.