என்ன கேட்டாலும் ‘கடுப்பா இருக்கு’: மனநிலைக் குறிப்பை எப்படி எழுத வைப்பது?

அல்சூர் டியூஷன்:
பெங்களூரு அல்சூரில் டியூஷன் எடுக்கிறோம். 9, 10ஆம் வகுப்புப் பிள்ளைகள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஸ்கூலில் இங்கிலீஷ். எப்படி இருக்கே என்றால் மூன்றே பதில்: கடுப்பு, போர், ஒண்ணுமில்ல. தினமும் மனநிலைக்கு 10க்கு மார்க் போடச் சொன்னோம். நான்காம் நாளே எல்லாரும் 5 போட்டு நீட்டுகிறார்கள். வயசுக் கோளாறு எது, டிப்ரஷன் எது என்று இதில் பிரிக்க முடியுமா?

பள்ளி கவுன்சிலர்:
5தான் வரும். பயம், களைப்பு, அவமானம் எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்குள் அடைக்கச் சொன்னால் வேறென்ன எழுதுவார்கள்? நோட்டை நீங்கள் வாங்கிப் பார்ப்பதும் ஒரு காரணம். அது அவர்களிடமே இருக்கட்டும், விரும்பினால் காட்டட்டும்.

ஸ்கூல் விட்டதும் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை, இரண்டு நிமிஷம் போதும். நேரம், அப்போது நடந்தது, உடம்பில் எங்கே தெரிகிறது, அதற்கு ஒரு சொல். உடம்பை முதலில் கேளுங்கள். தொண்டை அடைக்குது, வயிறு கலங்குது, தாடை இறுகுது என்பதெல்லாம் சட்டென்று வரும். சொல் அதன் பின்னால் வரும். ‘கடுப்பு’ பெரும்பாலும் மூடிதான். திறந்தால் உள்ளே அவமானமோ பொறாமையோ வெறும் தூக்கக் குறைவோ இருக்கும். பத்துப் பன்னிரண்டு சொற்களை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், பேச்சு வழக்கில். ‘மனச்சோர்வு’ எந்தப் பிள்ளை வாயிலும் வராது. ‘எதுவுமே பிடிக்கல’, ‘மரத்துப் போன மாதிரி இருக்கு’ வரும். எந்த மொழியில் எழுதினாலும் திருத்தாதீர்கள். (டியூஷன் கை சிவப்புப் பேனாவைத் தேடும், தெரியும்.)

மனநல உளவியலாளர்:
குறிப்பேடு தன்னைப் புரிந்துகொள்ள உதவும். டிப்ரஷனைக் கண்டறிய அது போதாது. அதற்கான 9 அறிகுறிகளில் 5 குறைந்தது 2 வாரம், அநேகமாக எல்லா நாளும் இருக்க வேண்டும். அதில் ஒன்று சோகமாகவோ, பிடித்ததில் நாட்டமில்லாமல் போவதாகவோ இருக்க வேண்டும். இந்த வயதில் சோகத்துக்குப் பதில் எரிச்சலையும் கணக்கில் எடுக்கிறோம். ஆகவே உங்கள் ‘கடுப்பை’ வயசுக் கோளாறு என்று தள்ளிவிட வேண்டாம்.

டிப்ரஷன் இருக்குமா என்று முதல்கட்டமாகப் பார்க்கும் பி.எச்.க்யூ-9 (PHQ-9) கேள்விப் படிவம் தமிழிலும் உண்டு. 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. மொத்தம் அதிகபட்சம் 27. அது 10ஐத் தொட்டால் முழுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். தவறு நடப்பது மொத்தத்தை மட்டும் பார்ப்பதில்தான். ஒன்பதாம் கேள்வி சாவு, தன்னைத் துன்புறுத்துவது பற்றியது. மொத்தம் 6 என்று நிம்மதியாகும்போது அங்கே 1 இருப்பதைக் கவனிக்க மாட்டோம். அங்கே 0 இல்லையென்றால் அன்றைக்கே தனியாகப் பேசுங்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பி மறுவாரம் வாங்கிக்கொள்ளும் படிவமல்ல இது.

‘செத்துப் போகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ரகசியமாக வைப்பேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். எப்படி என்று யோசித்து வைத்திருந்தால் தனியாக விடக் கூடாது. வீட்டில் மாத்திரைகளைப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 நாள் முழுக்க இலவசம், தமிழிலும் பேசலாம். ஓசூர் ரோட்டில் மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கென்றே மனநலப் பிரிவு இருக்கிறது. தைராய்டு, ரத்தசோகை இரண்டும் இதே களைப்பைத் தரும். ரத்தப் பரிசோதனை எழுதினால் தட்டிக் கழிக்க வேண்டாம்.

அல்சூர் டியூஷன்:
நன்றிங்க. ‘போனைப் பிடுங்கினா எல்லாம் சரியாயிடும்’ என்கிறார்கள் பெற்றோர். என்ன சொல்வது?

பள்ளி கவுன்சிலர்:
பிடுங்கினால் பேச இருக்கும் ஒரே சிநேகிதமும் போகலாம். ராத்திரி வீட்டிலுள்ள எல்லார் போனும் ஹாலில் சார்ஜ் ஆகட்டும், அப்பாவுடையதும் சேர்த்து. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். டியூஷன் 9 மணிக்கு விட்டு, காலை 5 மணிக்கு எழுப்பினால் அது எங்கே கிடைக்கும்? மனசு வந்தபிறகு செய்யலாம் என்று காத்திருப்பதிலும் பலனில்லை. முன்பு பிடித்திருந்த ஒன்றைத் தினமும் 15 நிமிஷம், பிடிக்காவிட்டாலும், அதே நேரத்தில் செய்யட்டும்.

மனநல உளவியலாளர்:
டாக்டர் மாத்திரை எழுதினால் ஒன்று: பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். முதல் சில வாரங்களில் பதற்றமோ சாவு பற்றிய பேச்சோ கூடினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். ‘இப்ப நல்லாத்தானே இருக்கான்’ என்று வீட்டிலேயே நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கிறது. குறைப்பதை டாக்டர்தான் படிப்படியாகச் செய்ய வேண்டும்.