இணைய விளையாட்டை நிறுவிய பின்னும் உள்ளே நுழைய முடியவில்லை: பயாஸ் அமைப்பை மாற்றுவது பாதுகாப்பானதா?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம்.

அண்மையில் வெளிவந்த, பலர் ஒரே களத்தில் சேர்ந்து ஆடும் இணையத் துப்பாக்கி விளையாட்டு ஒன்றை விலை கொடுத்து வாங்கினேன். அதன் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். பெயரைச் சொன்னால் அந்த விளையாட்டு நல்லதா கெட்டதா என்ற வழக்கமான வாதத்தில் என் கேள்வி அடிபட்டுப் போகும். வாங்கியதிலிருந்து இன்றுவரை அதில் ஓர் ஆட்டம்கூட ஆட முடியவில்லை என்பதுதான் என் குறை.

முதலில் தரவிறக்கம். கோப்புகளின் அளவு 95 ஜிபி. எங்கள் வீட்டு இணைப்பு 40 எம்பிபிஎஸ். இரவு முழுவதும் இறங்கி, விடிந்தபோது பட்டை நிறைந்திருந்தது. ஆனால் ‘நிறுவப்படுகிறது’ என்ற வாசகம் மட்டும் மாறவே இல்லை. இணைய வேகமோ சுழியம் என்று காட்டியது. வேலை நின்றுவிட்டது என்று எண்ணி ரத்து செய்யவிருந்த நேரத்தில் அது தானாகவே முடிந்தது. பிறகு விளையாட்டைத் திறந்துவிடும் லாஞ்சர் நிரல் தனியாக ஒரு கணக்கைத் தொடங்கச் சொன்னது. வாங்கிய கடையில் ஏற்கெனவே கணக்கு இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று விளங்கவில்லை. மின்னஞ்சலில் வர வேண்டிய சரிபார்ப்பு எண், காலாவதியான பின்பே வந்து சேர்ந்தது. உள்ளே சென்றதும் ‘ஷேடர்கள் தயாராகின்றன’ என்ற திரை வெகுநேரம் நின்றது. அதைக் கடந்தால் சர்வரில் வரிசை. அந்த வரிசையிலும் காத்திருந்து, களத்தில் நுழையும் பொத்தானை அழுத்தியபோதுதான், செக்யூர் பூட் இயங்காத கணினிகளுக்கு அனுமதி இல்லை என்ற அறிவிப்பு வந்தது. நிறுவும் முன்பே சொல்லியிருக்க வேண்டியதைக் கடைசி வாசலில் நிறுத்திச் சொல்வது என்ன நியாயம்?

கணினி, 2019-இல் மதுரையில் ஒரு கடையில் பாகங்களைத் தேர்ந்து கட்டி வாங்கியது: ரைசன் 5 2600, பி450 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1660, 16 ஜிபி ரேம். விண்டோஸ் 10 ஓர் எஸ்எஸ்டியில் இருக்கிறது. விளையாட்டை 1 டிபி வன்தட்டில் நிறுவியிருக்கிறேன். இதே கணினியில்தான் என் தங்கை தன் முதுகலை ஆய்வேட்டை எழுதிவருகிறாள். ஆகவே இரண்டு செய்திகளைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன். செக்யூர் பூட்டை இயக்கினால் விண்டோஸோ கோப்புகளோ பாழாகும் வாய்ப்பு உண்டா? ஒரு விளையாட்டுக்காக, கணினி எழும்போது முதலில் இயங்கும் அடிப்படை நிரலான பயாஸ் வரை சென்று கைவைப்பது தகுமா?

தட்டச்சன் (மறுமொழி)

வணக்கம் நண்பரே. நீங்கள் சந்தித்தவற்றில் பாதி, கோளாறே அல்ல; திரையில் சரியான விளக்கம் இல்லாததால் கோளாறுபோலத் தோன்றியவை. 40 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 40 மெகாபிட், அதாவது 5 எம்பி (மெகாபைட்). அந்த வேகம் குறையாமல் கிடைத்தாலும் 95 ஜிபி இறங்கச் சற்றேறக்குறைய ஐந்தேகால் மணி நேரம் ஆகும். இறங்கும் கோப்புகள் சுருக்கப்பட்ட நிலையில் வருவதால், அவற்றை விரித்து வட்டில் எழுதும் வேலை தனியாக நடக்கிறது. எஸ்எஸ்டி அதை விரைவில் முடித்துவிடும். சுழலும் வன்தட்டோ, இணைய வேகம் சுழியமாகக் காட்டும் வேளையிலும் மூச்சுமுட்ட உழைத்துக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் அந்த வட்டின் பயன்பாடு 100 விழுக்காட்டை ஒட்டி நின்றால், எதையும் ரத்து செய்யாமல் விட்டுவிடுவதே நல்லது. ஷேடர் திரையும் அப்படித்தான்: உங்கள் கிராபிக்ஸ் அட்டைக்கும் அதன் டிரைவர் பதிப்புக்கும் ஏற்றபடி நிரல்துண்டுகளை முன்கூட்டியே தொகுத்துவைத்தால் ஆட்டத்தின் நடுவே படம் திக்காது. டிரைவரைப் புதுப்பித்தால் அந்தத் திரை மீண்டும் வரும், திகைக்க வேண்டாம்.

செக்யூர் பூட்டுக்கு வருகிறேன். கணினி எழும்போது, முறையான கையொப்பமுள்ள துவக்க நிரலை மட்டுமே இயங்கவிடும் ஏற்பாடு அது. ஏமாற்று நிரல்களில் சில, விண்டோஸுக்கு முன்னதாகவே நினைவகத்தில் ஏறிக்கொண்டு, ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளின் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்வதால், விளையாட்டு நிறுவனங்கள் இப்போது இதைக் கட்டாயமாக்குகின்றன. விண்டோஸ் 11 கணினிகளில் வேலரன்ட் நெடுநாளாகவே டிபிஎம் 2.0 (குறியாக்கச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி), செக்யூர் பூட் இரண்டையும் கேட்கிறது. 2025-இல் பேட்டில்ஃபீல்டு 6 செக்யூர் பூட்டைக் கட்டாயமாக்கியபோதுதான் பழைய கணினி வைத்திருந்த பலர் இந்தப் பெயரையே முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள்.

உங்கள் பி450 பலகையில் இந்த வசதி உண்டு. ஆனால் அக்காலத்தில் கடைகளில் கட்டித் தரப்பட்ட பல கணினிகளில் வட்டைப் பிரிக்கும் பழைய எம்பிஆர் முறையில் விண்டோஸை நிறுவிவிடுவார்கள். அப்படிப்பட்ட வட்டை வைத்துக்கொண்டு பயாஸில், செக்யூர் பூட்டுக்குத் தடையாக இருக்கும் சிஎஸ்எம் என்ற பழைய துவக்க முறையை மட்டும் அணைத்துவிட்டால், கணினி எழும், விண்டோஸ் எழாது. கோப்புகள் அழிந்திருக்காது, சிஎஸ்எம்மை மறுபடி இயக்கினால் எல்லாம் திரும்பிவிடும். ஆனாலும் அந்தக் கரும்திரையைக் கண்டு பதறி விண்டோஸைப் புதிதாக நிறுவி, உண்மையிலேயே கோப்புகளை இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பயாஸுக்குள் போகுமுன் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறந்து, ‘பயாஸ் மோடு’ என்ற வரியில் லெகசி (பழைய துவக்க முறை) என்று இருக்கிறதா, யூஇஎஃப்ஐ (புதிய முறை) என்று இருக்கிறதா எனப் பார்த்துச் சொல்லுங்கள்.

மேற்குமலை (மறுமொழி)

தட்டச்சன் ஐயா எழுதியவை அனைத்தும் சரியே. இருந்தாலும் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் விடை, தகாது என்பதுதான். செக்யூர் பூட் தன்னளவில் நல்ல வசதி, அதைப் பற்றி எனக்கு மறுப்பு இல்லை. அதன் பின்னால் வரும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்தான் என் கவலை. அது கெர்னல் மட்டத்தில், அதாவது இயங்குதளத்தின் அடிவயிற்றில் அமர்ந்து வேலை செய்கிறது. அந்த மட்டத்தில் ஒரு பிழை நேர்ந்தால் ஒரு நிரல் மட்டும் மூடிக்கொள்வதில்லை, கணினியே விழுந்துவிடுகிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பழுதான ஒரு புதுப்பிப்பு, மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது நினைவிருக்கும். அது விளையாட்டு மென்பொருள் அன்று, நிறுவனங்களுக்கான பாதுகாப்பு மென்பொருள். ஆனால் அமர்ந்திருந்த இடம் ஒன்றே. ஆய்வேடு எழுதப்படும் கணினியில் அந்த இடத்தை ஒரு பொழுதுபோக்குக்காகத் திறந்துவிட நான் உடன்பட மாட்டேன்.

விலை கொடுத்தாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். ஸ்டீம் கடையில் வாங்கியிருந்தால், வாங்கிய 14 நாட்களுக்குள், விளையாடிய நேரம் 2 மணிக்கு உட்பட்டிருக்கும்வரை பணத்தைத் திரும்பக் கேட்கலாம். காரணம் எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் தந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கடிகாரம், நீங்கள் ஆடுகிறீர்களா காத்திருக்கிறீர்களா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஷேடர் திரையும் சர்வர் வரிசையும் விளையாட்டு இயங்கும் நேரமாகவே எண்ணப்படும். 2020 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் வெளிவந்தபோது, கடையிலிருந்து சிறு நிறுவியே இறங்கியது. மீதி 90 ஜிபிக்கு மேற்பட்ட தரவை விளையாட்டே தனக்குள் இறக்கிக்கொண்டது. விமானத்தை ஓடுபாதையில் பார்க்குமுன்பே பலருக்கு அந்த 2 மணி நேரம் கரைந்துபோனது, அப்போது பெரும் புகாராக எழுந்தது. எனவே முடிவெடுக்கும்வரை விளையாட்டைத் திறந்து வைத்திருக்காதீர்கள்.

நள்ளிரவுக்காவலன் (மறுமொழி)

சர்வர் வரிசையைப் பற்றி யாரும் எழுதாததால் இது. வெளியீட்டு வாரத்தில் வாங்கினால் வரிசையும் சேர்ந்தே வரும். அதற்கும் உங்கள் கணினிக்கும் தொடர்பில்லை. 2021 டிசம்பரில் ஃபைனல் ஃபேன்டசி 14 இணைய விளையாட்டின் எண்ட்வாக்கர் விரிவாக்கம் வந்தபோது நெரிசல் தாங்காமல் ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனம் விற்பனையையே சில வாரங்கள் நிறுத்திவைத்தது. 2024 நவம்பர் 19 அன்று ஃபிளைட் சிமுலேட்டர் 2024 வெளியானபோது, இரண்டு லட்சம் பாவனைப் பயனர்களைக் கொண்டு முன்பே சோதித்திருந்தும் உண்மைக் கூட்டத்தின் முன் தரவுத் தற்காலிகச் சேமிப்பு திணறிவிட்டது என்று உருவாக்கியவர்களே விளக்கம் அளித்தார்கள். நெரிசல் நேரத்தில் மீண்டும் மீண்டும் வெளியேறி நுழைவதால் வரிசையின் கடைசிக்குத்தான் போவோம்.

இன்னொன்று. சரிபார்ப்பு எண் காலங்கடந்து வந்தது என்கிறீர்கள். கணினியின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நேரமும் தேதியும் வெகுவாகப் பிசகியிருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றி, உள்நுழைவு தோற்கும். லாஞ்சரோ ‘இணைப்புப் பிழை’ என்று மட்டும் சொல்லும். மேற்குமலை சொல்லும் கெர்னல் அச்சத்தைப் பொறுத்தவரை, கோடிக்கணக்கானவர்கள் அத்தகைய மென்பொருளுடன் நாள்தோறும் ஆடுகிறார்கள் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

வைகைக்கரை (பதில்)

மூவருக்கும் நன்றி. சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பார்த்தேன்: பயாஸ் மோடு, லெகசி. விண்டோஸ் இருக்கும் வட்டு எம்பிஆர் முறையில்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது. கடிகாரமும் பின்தங்கித்தான் இருந்தது, திருத்திவிட்டேன். விளையாடிய நேரம் என்ற இடத்தில் 2 மணியை நெருங்கிய எண் இருப்பதைப் பார்த்ததும், மேற்குமலை சொன்னபடி உடனே பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்துவிட்டேன். ஆய்வேட்டை ஒப்படைக்கும்வரை கணினியில் எதையும் தொடக்கூடாது என்பது தங்கையின் உறுதியான கட்டளை. அதை மீறும் துணிவு எனக்கு இல்லை.

ஆனாலும் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாற வேண்டுமென்றால் யூஇஎஃப்ஐயும் டிபிஎம்மும் எப்படியும் தேவைப்படும் என்று அறிகிறேன். ஆகவே விளையாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆய்வேடு முடிந்தபின் இந்த மாற்றத்தைச் செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து நிறுவாமல் அது இயலுமா?

தட்டச்சன் (மறுமொழி)

இயலும். விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி உடன் வருகிறது. அது கோப்புகளை அழிக்காமல் வட்டின் பிரிவுமுறையை மட்டும், யூஇஎஃப்ஐக்கு ஏற்ற ஜிபிடிக்கு மாற்றும். முதலில் ‘வேலிடேட்’ என்ற சோதனைக் கட்டளையை இயக்குங்கள். அது தேறினால் மட்டுமே மாற்றக் கட்டளைக்குப் போங்கள். வட்டில் மூன்றுக்கு மேற்பட்ட முதன்மைப் பிரிவுகள் இருந்தாலோ, விரிவுப் பிரிவு இருந்தாலோ சோதனை தேறாது. ஆய்வேட்டின் நகலை வெளி வட்டு ஒன்றில் எடுத்துவைத்த பிறகே இதைத் தொடங்க வேண்டும் என்பதை உங்கள் தங்கை எனக்கு முன்பே சொல்லியிருப்பார். விளையாட்டு இருக்கும் வன்தட்டை மாற்றத் தேவையில்லை. விண்டோஸ் துவங்கும் வட்டு மட்டும் மாறினால் போதும். வட்டைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இயங்கினால் அதைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். டிபிஎம் அமைப்பு மாறியதும் அது அந்தச் சாவியைக் கேட்கக்கூடும்.

மாற்றம் முடிந்து கணினி மறுபடி எழும்போது நேரே பயாஸுக்குச் சென்று, சிஎஸ்எம்மை அணைத்து, விண்டோஸ் ஒழுங்காக எழுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அதன் பின்னரே செக்யூர் பூட்டையும், ஏஎம்டி பலகைகளில் எஃப்டிபிஎம் என்று இருக்கும் டிபிஎம் வசதியையும் இயக்குங்கள். எஃப்டிபிஎம் காரணமாகக் கணினி அவ்வப்போது திக்குவதாக எழுந்த புகாரை ஏஎம்டியே 2022-இல் ஒப்புக்கொண்டு, பயாஸ் புதுப்பிப்பு மூலம் சரிசெய்தது. ஆகவே பலகையின் பயாஸ் அதற்கு முந்தைய பதிப்பாக இருந்தால், தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அதை முதலில் புதுப்பிப்பது நலம்.

உங்கள் கடிகாரம் பின்தங்கியது என்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் என்னை உறுத்துகிறது. 2019-இல் வாங்கிய பலகையில், கடிகாரத்தை ஓடவைக்கும் சிஆர்2032 மின்கலம் தளர்ந்திருக்கலாம். அது தீர்ந்துவிட்டால், மின்சாரம் துண்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் பயாஸ் தன் தொடக்க அமைப்புக்குத் திரும்பி, சிஎஸ்எம் மீண்டும் இயங்கி, செக்யூர் பூட் அணைந்துவிட வாய்ப்புண்டு. கைக்கடிகாரக் கடைகளில்கூட அந்த மின்கலம் கிடைக்கும். மற்ற எதையும் தொடுவதற்கு முன் அதை மாற்றிவிடுங்கள்.