புதுப்பிப்பு: வெஸ்லியின் ஆந்தமும் ஆர்கெஸ்ட்ராவும்

ஆர்கன் துணையுடன் பாடகர் குழு பாடும் ஆங்கிலத் தேவாலயப் பாடல்களான ஆந்தங்களை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றுவது பற்றி முன்பு எழுதியபோது, சோப்ரானோ (மிக உயர்ந்த குரல்) வரியை டிரம்பெட்டும் சேர்ந்து வாசிக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 19ஆம் நூற்றாண்டு ஆங்கில இசையமைப்பாளர் எஸ். எஸ். வெஸ்லியின் ‘பிளெஸ்ஸட் பி த காட் அண்ட் ஃபாதர்’ ஆந்தத்தை ஆர்கெஸ்ட்ராவுக்காக முழுமையாக மாற்றி எழுதி முடித்துவிட்டதால், இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது: வேண்டாம். டிரம்பெட்டின் கூர்மை மெய்யெழுத்துகளை விழுங்கிவிடுகிறது. கிளாரினெட்டும் வயோலாவும் அதே வரியைத் தாங்கினால் சொற்கள் தெளிவாகக் கேட்கின்றன.

1832 முதல் 1835 வரை இங்கிலாந்தின் ஹியர்ஃபர்ட் பேராலயத்தில் ஆர்கன் வாசித்த வெஸ்லி, சிறுவர் குரல்களும் ஒரேயொரு பாஸ் (தாழ்ந்த ஆண்) குரலும் மட்டுமே கிடைத்த ஓர் ஈஸ்டர் ஆராதனைக்காக இதை இயற்றினார் என்பதால், சிறுவர் பாடும் நடுப்பகுதியை மெல்லிய தந்திக் கருவிகளுக்கே விட்டிருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. மனிதர் புல்லைப் போன்றவர், புல் உலரும் என்று ஆண்குரல்கள் பாடி ஓய்ந்ததும், ஆர்கன் தனியாக, முழு வலிமையுடன் அடுத்து என்ன என்று காத்திருக்க வைக்கும் ஒரு டாமினன்ட் செவன்த் சுரக்கூட்டை எழுப்பும். ஆர்கனுக்கு மூச்சு முட்டாது; ஊதுபவர்களுக்கு முட்டும். ஆகவே ஹார்ன்களையும் டிராம்போன்களையும் இரு அணிகளாகப் பிரித்து, ஓர் அணி மூச்சு வாங்கும்போது மற்றது தொடரும்படி அமைத்து, அடியில் டிம்பனி முரசின் உருட்டலையும் டபுள் பேஸையும் வைத்திருக்கிறேன். ஆர்கனில் காலால் வாசிக்கும் பெடல் ஸ்டாப்பின் ஆழம் அதில்தான் கிடைக்கிறது.