படித்த ஆய்வு எதுவாவது உங்கள் வகுப்புக்குள் வந்ததுண்டா?

அறிவியல் ஆசிரியை:

நானே ஆரம்பித்துவிடுகிறேன். பள்ளிக்குப் புதிதாகச் சேர்ந்த ஓர் இளம் ஆசிரியர் ஒருநாள், "டீச்சர், உங்க வகுப்புல பின்னாடி உட்காரட்டுமா? நீங்க கேள்வி கேட்டுட்டு எவ்வளவு நேரம் பொறுக்கிறீங்கன்னு பார்க்கணும்" என்றார். மேரி பட் ரோ 1974இல் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்திருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீள்கின்றன, கேள்வி கேட்கப்படாத பிள்ளைகளும் தாமாகவே பேசுகிறார்கள், 'தெரியாது' குறைகிறது. இதுதான் அதன் சாரம்.

"நான் நல்லாவே பொறுப்பேன் சார்" என்று சொல்லிவைத்தேன். பதினாலு வருஷ சர்வீஸ், அந்தத் தைரியம்தான்.

வகுப்பு முடிந்ததும் ஒரு தாளைக் கொடுத்தார். 22 கேள்விகள். 0.8, 1.1, 0.6... ஒரே ஓர் இடத்தில் 2.4. மனசு கொஞ்சம் ஆறுதலானது. "அது நீங்க சாக்பீஸ் எடுக்கத் திரும்பினப்போ" என்றார்.

அடுத்த வாரம் முயன்றேன். மூன்று நொடி என்பது எவ்வளவு நீளம் என்று கரும்பலகை முன் நின்றவர்களுக்குத்தான் தெரியும். செருப்புக்குள் கால் கட்டைவிரலை மூன்று தரம் அழுத்தி எண்ணினேன். குவளைத் தண்ணீரில் மிதக்கும் ஐஸ் உருகினால் நீர்மட்டம் உயருமா என்பது கேள்வி. முதல் நொடியில் வழக்கமான நாலு கைகள். மூன்றாவது நொடி தாண்டியபின், வருஷம் தொடங்கியதிலிருந்து வாயே திறக்காத ஒரு பெண், "உயராது மிஸ்... அது ஏற்கெனவே அதோட இடத்தைப் பிடிச்சிருச்சுல்ல" என்றாள்.

'வெரி குட்' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதையும் அடக்கச் சொல்கிறார் ரோ. பதிலுக்குப் பின்னாலும் பொறுக்கணுமாம். எனக்கு இதுதான் அதிகக் கஷ்டம். அடக்கினேன். பக்கத்துப் பெஞ்சிலிருந்து ஒருவன், "அப்போ தண்ணிக்கு மேல நீட்டிட்டு இருக்கிற ஐஸ் எங்கே போகும்?" என்றான். என் பாடக்குறிப்பில் இல்லாத கேள்வி. மீதி வகுப்பை அதுவே எடுத்துக்கொண்டது.

எல்லாக் கேள்விக்கும் இப்படி நிற்கக்கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டுவிட்டு மூன்று நொடி மௌனம் காத்தால் பிள்ளைகள் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

கணித ஆசிரியர்:

என் கதை இவ்வளவு சுகமாக முடியவில்லை. ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்குக் குறிப்பு மட்டும், இன்னொன்றுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். எண்ணைப் பார்த்தால் எழுத்தைப் படிப்பதில்லை போலும்.

இரண்டு இரவு கண்விழித்து, மார்க் போடாமல், ஒவ்வொரு தாளிலும் இரண்டு வரி எழுதினேன். "அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது கழித்தல் குறி எங்கே போனது, மூன்றாம் வரியைப் பார்" என்கிற மாதிரி. தாளைக் கொடுத்தவுடன், "சார், மார்க்?" சாயங்காலம் பெற்றோர் நாலு பேர் போன். மறுநாள் தலைமை ஆசிரியர் கூப்பிட்டு, ஆய்வெல்லாம் நல்லதுதான், மார்க் பட்டியல் எப்போது வரும் என்றார்.

கடைசியில் ஒரு நடுவழி. குறிப்போடு தாளைக் கொடுப்பேன். தவறைத் திருத்திக் கொண்டுவந்து காட்டியபிறகுதான் மார்க். திருத்துவதில் பாதிப் பேர் மார்க்குக்காகத்தான் திருத்துகிறார்கள். பரவாயில்லை. பட்லர் இந்த ஏற்பாட்டைச் சோதிக்கவில்லை. அதனால் 'ஆய்வு சொல்கிறது' என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

ஆசிரியர் பயிற்றுநர்:

நான் மறுபக்கத்து ஆள். ஆறு வருஷமாக ஒரு ஸ்லைடு காட்டிக்கொண்டிருந்தேன்: படித்தால் 10 சதவீதம் நினைவில் நிற்கும், கேட்டால் 20, பார்த்தால் 30, செய்தால் 90. நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். ஒரு பயிற்சியில் கடைசி வரிசை ஆசிரியை ஒருவர் எழுந்து, "சார், எல்லாம் பூஜ்யத்துலயே முடியுதே. மனுஷ ஞாபகம் அவ்வளவு ஒழுங்காவா இருக்கும்?" என்றார். அரங்கே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன்.

ராத்திரி உட்கார்ந்து தேடினால், இதற்கு மூலம் என்று சொல்லப்படும், எட்கர் டேல் 1946இல் வரைந்த 'அனுபவக் கூம்பு' படத்தில் எண்ணே கிடையாது. பின்னால் யாரோ ஒட்டவைத்தது. ஆறு வருஷத்தில் எத்தனை பேருக்கு அதைச் சொல்லியிருப்பேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியில் நிறுத்திவிட்டேன். அதே வேகத்தில் 'பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர்' ஸ்லைடும் போனது. பிள்ளைகளை அப்படிப் பிரித்துக் கற்பிப்பதற்குப் போதிய சான்று இல்லை என்று பாஷ்லரும் உடன் எழுதியவர்களும் 2008லேயே சொல்லிவிட்டார்கள்.

அதன்பிறகு என் வேலையின் மேலேயே சந்தேகம் வந்தது. சொல்லிக்கொடுத்து, செய்துகாட்டுவதோடு நிறுத்தினால் பயிற்சி வகுப்பறைக்குள் போவது அபூர்வம், கூடவே இருந்து வழிகாட்டினால்தான் போகிறது என்று ஜாய்ஸும் ஷவர்ஸும் 1980களிலேயே எழுதியிருக்கிறார்கள். 2018இல் கிராஃப்ட் குழு இப்படி ஆசிரியர்களுக்கு வழிகாட்டுவது பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்தபோதும் கற்பித்தல் தெளிவாக மேம்பட்டதாகத்தான் தெரிந்தது. ஆனால் திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் மெலிகிறது. 120 பேரை அரங்கில் உட்காரவைத்துப் பேசிய நான், இப்போது ஒரு பருவம் முழுக்க ஆறு பேரோடு இருக்கிறேன். பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் 6 என்று எழுதினால் மேலிடத்தில் முகம் சுளிக்கிறார்கள்.

பெயர் வேண்டாம்:

எங்களிடம் ஆளுக்கு வருஷம் ஒரு செயல் ஆய்வு, அதாவது தன் வகுப்புச் சிக்கலைத் தானே ஆராய்ந்து எழுதுவது, கட்டாயம். போன வருஷம் தலைப்பு கையெழுத்து, இந்த வருஷம் வாசிப்பு. அட்டவணையில் எண்கள் அதேதான். சக ஆசிரியர் ஒருவர் என் பழைய கோப்பை வாங்கித் தன் ஆய்வாக அனுப்பினார். என் வகுப்புப் பிரிவைக்கூட மாற்றவில்லை. அதற்குப் பாராட்டும் வந்தது. கர்ட் லெவின் 1946இல் செயல் ஆய்வு பற்றி எழுதியபோது இதை நினைத்திருக்க மாட்டார்.

தொடக்கப்பள்ளி ஆசிரியை:

ஜப்பானியர்களின் பாட ஆய்வு முறையை நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்து பார்த்தோம். பாடத்தைச் சேர்ந்தே திட்டமிடுவது, ஒருவர் நடத்துவது, மற்றவர்கள் கவனிப்பது. நடத்துபவரை அல்ல, பிள்ளைகளை. எனக்குக் கிடைத்தது ஜன்னலோரப் பையன். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால்? ஆறில் ஐந்து என்று சரியாக எழுதினான். பக்கத்துப் பையனின் நோட்டை எட்டிப் பார்த்தான். அழித்தான். ஐந்தில் இரண்டு என்று எழுதினான். ரப்பர் தூளை ஊதித் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். நடத்திய ஆசிரியை நோட்டு பார்க்க வந்தபோது தவறு மட்டும்தான் இருந்தது.

அன்றைக்குப் பேசியதெல்லாம் அதைப் பற்றித்தான். அடுத்த வகுப்பில் அதே பாடம், ஆனால் பென்சில் கிடையாது, பேனா. அழிக்க முடியாது, அடித்துத்தான் எழுதணும்.

அறிவியல் ஆசிரியை:

பேனா யோசனையை நான் எடுத்துக்கொள்கிறேன். என் பக்கம் ஒரு பின்குறிப்பு. ஸ்டாப்வாட்ச் பிடித்த ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். தேர்வும் நெருங்குகிறது, பாடமும் பாக்கி. போன வாரம் ஒரு மாணவியிடம் வாட்ச் கொடுத்து எண்ணச் சொன்னேன். சராசரி 1.4. யாராவது வருஷம் முழுக்கத் தாக்குப்பிடித்திருந்தால் சொல்லுங்கள், எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டும்.