ஆபாச வீடியோ பிள்ளைங்க கண்ணுல பட்ட தருணம்: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

மழலைத்தாய்

இலவச கேம், நடுவுல விளம்பரம், மூலையில கடுகு சைஸுல ஒரு பெருக்கல் குறி. அதை மூடப்போய் வேற பக்கம் திறந்துக்கும். இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். என் பொண்ணுக்கு ஒன்பது வயசு.

நான் துணி மடிச்சுட்டு இருந்தேன். கேம் சத்தம் திடீர்னு நின்னுபோச்சு. திரும்பிப் பார்த்தா, போனைக் குப்புறக் கவுத்து, மேல தலையணையை வச்சு, ரெண்டு கையாலயும் அதை அழுத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கா. நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே, "அது தானா வந்துச்சும்மா, நான் எதையும் தொடலை"ங்கறா.

"நீ ஒரு தப்பும் பண்ணலடா, என்கிட்ட சொன்னியே, அது போதும்"னு சொல்லித்தான் போனை வாங்கினேன். கையை எடுக்கவே மாட்டேங்கறா. தலையணைக்கு அடியில அந்த ஆளுங்க இன்னும் இருக்காங்கன்னு நினைச்சாளோ என்னவோ. ராத்திரி படுக்கும்போது ஒரே ஒரு கேள்வி: "அப்பாகிட்ட சொல்லிடுவியா?"

இது மறைக்க வேண்டிய விஷயம்னு அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்ல. பார்த்த மாத்திரத்திலேயே தன்னைக் குற்றவாளியா நினைச்சுக்கிட்டா. விளம்பரத்தை அனுப்பினவன் எங்கேயோ நிம்மதியா இருக்கான், பயந்து நடுங்கினது என் பொண்ணு. எனக்கு ஆறவே மாட்டேங்குது.

கரும்பலகை

அக்கா, உங்க பொண்ணு உங்ககிட்ட வாய் திறந்தா. என் வகுப்புப் பையன் ஒருத்தன் வீட்ல யார்கிட்டயும் சொல்லாம என்கிட்ட வந்தான். ஏழாம் வகுப்பு. மணி அடிச்சு எல்லாரும் போன பிறகு நோட்டைத் திருத்தக் குடுக்கற மாதிரி வந்து நின்னான். நோட்டோட ஓரத்தைச் சுருட்டறான், விரிக்கறான், மறுபடி சுருட்டறான். அப்புறம் தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

"சார், அதுல அந்த அக்கா அழுதாங்க. அது நடிப்பா, நிஜமா?"

எந்த அக்கா, எதுலன்னு நான் கேட்கல. கேட்டிருந்தா ஓடியே போயிருப்பான். எனக்கு அதிர்ச்சி என்னன்னா, பெரியவங்க நாம "கெட்ட வீடியோ பார்த்தான்"னு நினைக்கறோம், அவனோ அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சோன்னு கவலைப்பட்டுக்கிட்டு இருந்திருக்கான். எத்தனை நாளாவோ தெரியல.

பொய் சொல்ல மனசு வரல. சிலது நடிப்பு, சிலது நிஜமாவே ஒருத்தரைக் கட்டாயப்படுத்தி எடுத்தது, பார்க்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு சொன்னேன். இது நானாச் சொன்னது இல்ல. 2020 டிசம்பர்ல, சிறார்களோட வீடியோவும் வன்கொடுமை வீடியோவும் கிடக்குன்னு பத்திரிகையில வெளியாகி, கார்டு நிறுவனங்கள் பணப் பரிவர்த்தனையை நிறுத்தின பிறகுதான், உலகத்தின் மிகப்பெரிய ஆபாசத் தளங்கள்ல ஒண்ணு, யார் ஏத்தினாங்கன்னு உறுதி செய்யப்படாத லட்சக்கணக்கான வீடியோக்களைத் தூக்குச்சு. அத்தனை வருஷம் அதை நடத்தினவங்களுக்கே தெரியாதது பன்னிரண்டு வயசுப் பையனுக்கு எப்படித் தெரியும்?

இன்னொண்ணும் சொன்னேன். "ஒருத்தர் அழுதா, வேண்டாம்னு சொன்னா, எதுவா இருந்தாலும் அங்கேயே நிறுத்திடணும். உனக்கு அதைப் பார்த்துக் கஷ்டமா இருந்துச்சுன்னா நீ சரியாத்தான் இருக்கே." தலையை ஆட்டிட்டு, நோட்டை மேஜை மேலேயே விட்டுட்டுப் போயிட்டான்.

நெட்வொர்க்காரன்

ரவுட்டர் மாட்டறதுதான் நம்ம பிழைப்பு. ஒரு வீட்ல வேலை முடிஞ்சு கிளம்பும்போது அந்த அம்மா, "பையன் என்னென்ன பார்க்கறான்னு எடுத்துக் குடுங்க தம்பி"ன்னாங்க. பையன் கதவோரமா நின்னு கேட்டுட்டு இருக்கான், மூஞ்சில ரத்தமே இல்ல. ஹிஸ்டரியெல்லாம் எடுக்க முடியாதும்மான்னுட்டு, ஆபாசத் தளங்களைத் தடுக்கற பில்டர் மட்டும் போட்டுக் குடுத்துட்டு வந்தேன். அந்த மூஞ்சி கண்ணுலயே நிக்குது.

சரி, விஷயத்துக்கு வரேன். இங்க எல்லாரும் மனசு கஷ்டத்தைச் சொல்றீங்க, கதவைப் பூட்டறதைப் பத்தி யாரும் சொல்லல. ரவுட்டர் செட்டிங்ஸ்ல டிஎன்எஸ்னு ஒரு இடம் இருக்கும், தளத்தோட பேரை வச்சு அதோட முகவரியைத் தேடிக் குடுக்கற சேவை அது. அதுல 1.1.1.3, ரெண்டாவது கட்டத்துல 1.0.0.3 போடுங்க. கிளவுட்ஃப்ளேர்ங்கற இணைய நிறுவனம் 2020 ஏப்ரல்ல குடும்பங்களுக்குன்னே இலவசமா விட்டது. ஆபாசத் தளம், வைரஸ் தளம் ரெண்டையும் நிறுத்தும். 1.1.1.2 போட்டுடாதீங்க, அது வைரஸை மட்டும்தான் பார்க்கும். நிறைய பேர் இங்கதான் கோட்டை விடறாங்க.

ஆனா வைஃபையை அணைச்சு மொபைல் டேட்டா போட்டா இது செல்லாது. அதுக்கு போன்லயே செய்யணும். ஆண்ட்ராய்டு 9-ல இருந்து 'பிரைவேட் டிஎன்எஸ்'னு ஒரு ஆப்ஷன் இருக்கு. அதுல ஃபேமிலி டாட் கிளவுட்ஃப்ளேர்-டிஎன்எஸ் டாட் காம்னு அடிச்சுடுங்க. சின்னப் பிள்ளைங்கன்னா கூகுளோட ஃபேமிலி லிங்க் ஆப் போட்டு, புது ஆப் எது இறக்கினாலும் உங்க போனுக்கு அனுமதி கேட்டு வர்ற மாதிரி வைங்க. ஐபோன்னா ஸ்கிரீன் டைம்ல வயது வந்தோர் தளங்களைத் தடுக்கற வசதி இருக்கு. அதோட பாஸ்கோடு போனைத் திறக்கற அதே நம்பரா இருக்கக்கூடாது. அதே இடத்துல 'கம்யூனிகேஷன் சேஃப்டி'யையும் ஆன் பண்ணுங்க. மெசேஜ்ல நிர்வாணப் படம் வந்தா போனே கண்டுபிடிச்சு மங்கலாக்கிடும், படம் வெளியே எங்கேயும் போகாது.

மழலைத்தாய் அக்காவுக்கு: நெட் தேவைப்படாத கேம்னா ஏரோபிளேன் மோடு போட்டுக் குடுங்க, விளம்பரம் இறங்கவே வழியில்ல. பிரவுசர்ல 'செக்யூர் டிஎன்எஸ்'னு ஒண்ணு இருக்கும், அதுல வேற கம்பெனியைத் தேர்ந்தெடுத்திருந்தா ரவுட்டர்ல நீங்க போட்டது வேலை செய்யாது, அதையும் பாருங்க. கூகுள் தேடல்ல ஆபாசத்தை வடிகட்டற சேஃப்சர்ச் 'ஃபில்டர்'ல இருக்கணும். 'பிளர்'ல இருந்தா படம் மட்டும்தான் மங்கும். ஒருநாள் உட்கார்ந்தா எல்லாம் முடிஞ்சிடும்.

பத்தொன்பது

நெட்வொர்க்காரன் அண்ணா, கோவிச்சுக்காதீங்க. நீங்க சொன்ன அந்தக் கதவோரப் பையன் நான்தான்னு வச்சுக்கோங்க. எனக்கு இப்போ பத்தொன்பது வயசு. முதல்ல பார்த்தப்போ பதினொண்ணு. நானாத் தேடல. வகுப்பு குரூப்ல ஒருத்தன் கணக்கு வீட்டுப்பாடம்னு பேர் போட்டு ஒரு ஃபைல் அனுப்பினான். திறந்தேன். அவ்வளவுதான்.

அப்பா கண்டுபிடிச்சார். அடிக்கல, திட்டல. போனைக் கையில வச்சுக்கிட்டு என்னையே பார்த்துட்டு, மேஜை மேல வச்சுட்டு எழுந்து போயிட்டார். மறுநாள் உங்களை மாதிரி ஒருத்தர் வந்து பில்டர் போட்டார். அப்பாவும் நானும் அதைப் பத்தி இன்னிக்கு வரைக்கும் பேசினதில்ல. அந்த வீடியோ எனக்குப் பாதி மறந்துபோச்சு. அப்பா நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்த சத்தம் மறக்கல.

பில்டர் தளங்களைத் தடுக்கும், சரி. குரூப்ல வர்ற ஃபைலை எந்த டிஎன்எஸ் தடுக்கும்? எக்ஸ், டெலிகிராமுக்கு உள்ளே வர்றதை எது தடுக்கும்? இங்கிலாந்துல குழந்தைகள் ஆணையர் 2023 ஜனவரியில ஓர் அறிக்கை விட்டாங்க. 16-லிருந்து 21 வயசு வரைக்கும் உள்ளவங்ககிட்ட கேட்டது. முதல்ல பார்த்த சராசரி வயசு 13. பதினொரு வயசுக்குள்ளேயே பார்த்தவங்க 27 சதவீதம், ஒன்பதுக்குள்ள 10 சதவீதம். ட்விட்டர்ல பார்த்ததா சொன்னவங்க 41 சதவீதம், ஆபாசத் தளங்கள்ல பார்த்ததா சொன்னவங்க 37 சதவீதம்தான். நீங்க பூட்டற கதவை விடப் பெரிய கதவு வேற பக்கம் திறந்து கிடக்கு.

கரும்பலகை சார், உங்களை மாதிரி ஒருத்தர் எனக்குக் கிடைக்கல. அந்தப் பையன் குடுத்து வச்சவன்.

நெட்வொர்க்காரன்

தம்பி, உன் வலி புரியுது. ஆனா ஒன்பது வயசுப் பிள்ளைக்கு முதல்ல கண்ணுல படாமப் பார்க்கறதுதான் பெரியவங்க வேலை. பேசறது அப்புறம். பூட்டு முழுசாக் காப்பாத்தாதுன்னு கதவைத் திறந்து போட முடியுமா? ஆப்புக்குள்ளே வர்றதை டிஎன்எஸ் தொடாதுன்னு நீ சொன்னது சரி, அதை நான் எழுதியிருக்கணும்தான்.

ஓய்வுபெற்றவன்

இவ்வளவு வாக்குவாதம் எதற்கு? போனே கொடுக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாது. பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளங்கள் வயதை உறுதி செய்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். 'எனக்கு 18 ஆகிவிட்டது' என்று ஒரு பொத்தானை அழுத்துவதெல்லாம் அங்கே இனிச் செல்லாது. அரசாங்கங்களே விழித்துக்கொண்டபோது பெற்றோருக்கு என்ன தயக்கம்?

எங்கள் வீட்டில் பேரனுக்குப் போன் கிடையாது. போன விடுமுறையில் அவன் தோழன் வந்திருந்தான். இருவரும் அறையில் தலையோடு தலை சேர்த்து உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே போனதும் தோழன் போனைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். பேரன் என்னைப் பார்த்து, "தாத்தா, வாசல்ல விளையாடலாம் வாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்தான். அவன் உள்ளங்கை ஈரமாக இருந்தது. அங்கிருந்து தப்பிக்கத்தான் என்னைக் கூப்பிட்டான் என்று எனக்குப் பட்டது. நானும் போனேன். அதற்கு மேல் என்ன பேசுவது?

பத்தொன்பது

ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பேரன்கிட்ட போன் இல்ல, ஆனாலும் பார்த்துட்டான். சட்டம் வரட்டும், நானும் வேணும்னுதான் சொல்றேன். பிரிட்டன்ல அந்தச் சட்டம் வந்த சில நாள்லயே, எந்த நாட்டுல இருந்து பார்க்கறோம்னு மறைக்கற விபிஎன் ஆப்கள் டவுன்லோட் பட்டியல்ல மேலே ஏறிடுச்சு, அதையும் சேர்த்துச் சொல்லணும். உங்க பேரன் உங்க கையைப் பிடிச்சு இழுத்தானே, அவனுக்குப் பெரியவங்க யாராவது கூட இருக்கணும்னு தோணியிருக்கு. இப்பவும் பேசலாம், நேரம் தாண்டிடல.

ஓய்வுபெற்றவன்

யோசிக்கிறேன் தம்பி.

செவிமடுப்பவள்

பதின்ம வயதினருக்கு ஆலோசனை சொல்லும் பணியில் இருக்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் பார்ப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். பிள்ளையின் முகமே அதில் வந்துவிட்டால்?

பதினைந்து வயதுப் பெண். சாதாரண முகப்படம் ஒன்றை எடுத்து, ஆடையை நீக்கிக் காட்டும் ஏஐ செயலியில் போட்டு, அவளுக்கே அனுப்பி மிரட்டியிருக்கிறார்கள். என்னிடம் வருவதற்குள் எல்லா உரையாடலையும் அழித்துவிட்டாள். ஏனம்மா அழித்தாய் என்றதற்கு, "வீட்ல பார்த்தா நான்தான்னு நம்பிடுவாங்க" என்றாள். மிரட்டியவனுக்குப் பயந்ததை விட வீட்டுக்குத்தான் அவள் அதிகம் பயந்திருக்கிறாள். எனக்குத் தூக்கம் போனது அந்த ஒரு வரியில்.

இப்படி நடந்தால் தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள். பணமோ வேறு படமோ கொடுக்காதீர்கள், கொடுத்தால் அடுத்த மிரட்டல்தான் வரும். மிரட்டியவனின் கணக்குப் பெயர், செய்திகள், தேதி எதையும் அழிக்காமல் காவல்துறையிடம் போங்கள். அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஆலோசனை கேட்பதற்காகச் சித்தப்பாவுக்கு அனுப்புவதுகூட வேண்டாம். சிறாரின் படத்தைப் பகிர்வது பல நாடுகளில் குற்றம்.

'டேக் இட் டவுன்' என்று ஓர் இலவசச் சேவை 2023 முதல் இருக்கிறது. அமெரிக்காவின் காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துகிறது. 18 வயதுக்குள் எடுத்த படத்துக்கு அதைப் பயன்படுத்தலாம். படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அந்தப் படத்துக்கென ஓர் எண் அடையாளம் மட்டும் உருவாகி, சேவையில் இணைந்துள்ள தளங்களுக்குப் போகும். அதே படம் அங்கே வந்தால் அவர்களால் அடையாளம் கண்டு நீக்க முடியும். பெயர் சொல்ல வேண்டியதில்லை. சேராத தளங்களில் இது செல்லாது, அங்கே தனியாகப் புகார் கொடுக்கத்தான் வேண்டும்.

மூத்தவள்

இதைப் படிச்சிட்டு எழுதாம இருக்க முடியல. தம்பிக்கு பதினாலு வயசு. போன வாரம் ராத்திரி என் அறைக்கு வந்தான். பேசறதுக்கு முன்னாடி லைட்டை அணைச்சான். என்னடான்னு கேட்டேன். இருட்டுலயே நின்னுக்கிட்டு, "அக்கா, நிறுத்தணும்னு நினைக்கறேன், முடியல"ன்னான். எதைன்னு ரெண்டு பேரும் சொல்லிக்கல.

லைட்டைப் போடலை. அவன் முகத்தைப் பார்க்க வேண்டாம்னு அவன் கேட்ட மாதிரிதானே அது. எப்ப அதிகமாகுதுன்னு மட்டும் கேட்டேன். தூக்கம் வராதப்போ, பரீட்சை பயம் வர்றப்போன்னு சொன்னான். அன்னிலேர்ந்து ரெண்டு பேர் போனும் ராத்திரி ஹால்லதான் சார்ஜ் ஏறுது. அவன் போனை மட்டும் வச்சா வீட்ல கேள்வி வரும், அதனால என்னோடதையும் வச்சேன். முழுசா நிக்கல, சில நாள் திரும்பிப் போறான், காலையில என் முகத்தைப் பார்க்காம சுத்தறான். நான் கேட்கறதில்ல, சாப்பிட்டியான்னு மட்டும் கேட்கறேன்.

அப்பாகிட்ட சொல்லணுமா வேண்டாமான்னு தெரியல. எங்க அப்பாவும் பத்தொன்பது தம்பியோட அப்பா மாதிரிதான், பேச வராது. செவிமடுப்பவள் அக்கா, நீங்க சொல்லுங்க.

செவிமடுப்பவள்

முதலில் தம்பியிடம் கேளுங்கள். "அப்பாகிட்ட நான் பேசட்டுமா, இல்ல நீயே பேசறியா, நான் பக்கத்துல இருக்கவா?" என்று. வேண்டாம் என்றால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தூக்கம், படிப்பு கெடுகிற அளவுக்குப் போனால் மட்டும் பள்ளி ஆலோசகரையோ மருத்துவரையோ பார்க்க வேண்டியிருக்கும் என்று அவனிடமே இன்றைக்கே சொல்லி வையுங்கள், திடீரென்று இழுத்துக்கொண்டு போன மாதிரி இருக்கக் கூடாது. யாராவது தன்னை மிரட்டுகிறார்களா என்றும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். பையன்களிடம் இதை யாரும் கேட்பதே இல்லை.