முழுச் சங்கரா மீன்: வால் காய்ந்துவிட்டது, நடுமுள் அருகே வேகவில்லை. எங்கே தவறு செய்தேன்?

கேள்வி (கோவையிலிருந்து)

வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்பும் நாள்களில் குழம்பு கூட்டி வைக்க நேரம் இருப்பதில்லை என்பதால், முழு மீனை ஓடிஜி எனும் சிறிய மின்னடுப்பில் வைத்துவிட்டுச் சோறு வடிக்கும் நேரத்திற்குள் சாப்பாட்டை முடித்துவிடலாம் என்று எண்ணினேன். உக்கடம் சந்தையில் 800 கிராம் எடையுள்ள சங்கரா ஒன்றை வாங்கி, செதிலும் குடலும் நீக்கி, மிளகாய்த்தூள், மிளகு, இஞ்சி பூண்டு விழுது, உப்பு, இரண்டு எலுமிச்சம்பழச் சாறு ஆகியவற்றைப் பூசி ஊற வைத்தேன். பிறகு அலுமினியத் தாளில் இறுகச் சுற்றி, 180 டிகிரியில் 25 நிமிடங்கள் வைத்தேன்.

பிரித்துப் பார்த்தபோது தாளுக்குள் அரை டம்ளர் அளவுக்கு நீர் தேங்கியிருந்தது. வால் பகுதி சக்கையாகக் காய்ந்திருக்க, தலைக்குப் பின்னால் உள்ள தடித்த சதையோ நடுமுள்ளை விட்டுப் பிரியாமல் கண்ணாடி போல இருந்தது. மேல் சதையைத் தொட்டால் சுண்ணாம்பு போல உதிர்ந்தது. ஒரே மீனில் இத்தனை குறைகளும் எப்படிச் சேர்ந்தன என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (நாகர்கோவிலிலிருந்து)

சதை உதிர்ந்ததற்குக் காரணம் அடுப்பு அல்ல, எலுமிச்சை. புளிப்பு படும் மீன் தீயில்லாமலேயே வெளுத்து இறுகத் தொடங்கும். நெடுநேரம் ஊறினால் அந்த இறுக்கம் கடந்து மாவாகிவிடும். எங்கள் வீட்டில் உப்பையும் மசாலாவையும் மட்டும் இருபது நிமிடங்களுக்கு முன் தடவுவோம், எலுமிச்சையை இலையில் பரிமாறும்போதுதான் பிழிவோம். நீங்கள் எத்தனை மணி நேரம் ஊற வைத்தீர்கள் என்பதைக் குறிப்பிடவில்லையே, சகோதரி?

நீர் தேங்கியதற்கு அலுமினியத் தாளை இறுகச் சுற்றியதே காரணம். அது மீனைச் சுடாது, அவிக்கும். அவித்த மீனும் சுவையானதுதான். ஆனால் தோல் மொறுமொறுப்பாக வேண்டுமென்றால் திறந்து வைப்பதே வழி. மேலும், எலுமிச்சையும் உப்பும் நேரடியாக அலுமினியத்தில் பட்டால் தாள் அரித்து, மீனில் உலோகச் சுவை ஏறும். சுற்றித்தான் ஆக வேண்டுமென்றால் இடையில் வாழையிலையோ பட்டர் பேப்பரோ வையுங்கள்.

பதில் 2

துண்டு போட்டுத் தோசைக்கல்லில் வறுத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

கேள்வி கேட்டவர்

வறுப்பதற்கு அடுப்பருகே நிற்க வேண்டும் என்பதுதான் ஐயா என் சிக்கலே. நாகர்கோவில்காரரின் கேள்விக்கு விடை: ஞாயிற்றுக்கிழமை மசாலா தடவி உறைபெட்டியில் வைத்தேன். செவ்வாய் மாலை வெளியே எடுத்து அரை மணி நேரம் கழித்து அடுப்பில் வைத்தேன்.

பதில் 3 (உணவக சமையலறையில் பணிபுரிபவர்)

நீங்கள் முதலில் சொல்லாமல் விட்ட அந்தச் செய்திதான் முக்கியமானது. அரை மணி நேரத்தில் 800 கிராம் மீனின் மேல்புறம் மட்டுமே இளகியிருக்கும், முள்ளருகே பனிக்கட்டி அப்படியே இருந்திருக்கும். மெல்லிய வால் வெந்து காய்ந்து முடிக்கும் வரை நடுப்பகுதி உருகுவதிலேயே வெப்பத்தைச் செலவிட்டிருக்கிறது. முதல் நாள் இரவே மீனை உறைபெட்டியிலிருந்து குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

நேரத்தை எடையைக் கொண்டு கணக்கிடாதீர்கள், தடிமனைக் கொண்டு கணக்கிடுங்கள். மீனைப் படுக்க வைத்து, அதன் தடித்த இடத்தில் ஓர் அளவுகோலை நிறுத்திப் பாருங்கள். 220 டிகிரி சூட்டில் ஒவ்வோர் இரண்டரை சென்டிமீட்டருக்கும் பத்து நிமிடங்கள் என்பது கனடாவின் மீன்வளத் துறை பரப்பிய பழைய கணக்கு. தாளில் சுற்றினால் ஐந்து நிமிடங்கள் கூட்ட வேண்டும், உறைந்த மீனென்றால் இரட்டிப்பாக்க வேண்டும். இது தொடக்கக் கணக்குதான், கடைசித் தீர்ப்பை முள்ளருகே பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வெப்பமானி இருந்தால் முள்ளைத் தொடாமல் தடித்த சதையில் குத்திப் பாருங்கள். 63 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது.

இன்னொன்று கேட்கிறேன். ஓடிஜியில் மேலும் கீழும் உள்ள சூடேற்றும் கம்பிகளில் எதைப் போட்டிருந்தீர்கள், முன்கூட்டி எவ்வளவு நேரம் சூடேற்றினீர்கள்?

கேள்வி கேட்டவர்

கேக் செய்யும் பழக்கத்தில் கீழ்க்கம்பியை மட்டுமே போட்டிருந்தேன். ஐந்து நிமிடங்கள் சூடேற்றினேன்.

பதில் 3

கேக்கிற்கு அது போதும். மீனுக்கு மேல்கம்பி, கீழ்க்கம்பி இரண்டும் வேண்டும். குறைந்தது பதினைந்து நிமிடங்களாவது சூடேற்றுங்கள். அடுப்பின் முகப்பு விளக்கு அணைந்துவிட்டது என்பதற்காக உட்சுவர் முழுவதும் சூடாகிவிட்டது என்று பொருளல்ல. மீனின் இருபுறமும் தடித்த இடத்தில் முள்ளைத் தொடும் வரை மூன்று கீறல்கள் போடுங்கள், வாலருகே கீற வேண்டாம். மசாலா தடவுவதற்கு முன் உள்ளும் புறமும் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள். ஈரம் ஆவியாகி முடியும் வரை தோல் சிவக்காது. வால் காயாமல் இருக்க, அதன் மேல் மட்டும் சிறிய தாள் ஒன்றை மடித்துப் போர்த்திவிடலாம்.

கேள்வி கேட்டவர் (அடுத்த வாரம்)

இந்த முறை தடிமன் நான்கு சென்டிமீட்டர். கணக்குப்படி பதினாறு நிமிடங்கள். என் அடுப்பில் பத்தொன்பது ஆயிற்று. கண் வெள்ளை முத்தாக மாறியிருந்தது, முதுகுத் துடுப்பை இழுத்தபோது முள்ளோடு தனியே வந்தது. சதை ஏடு ஏடாகப் பிரிந்தது. மிகவும் நன்றி. இரண்டு குறைகள் மட்டும் மிஞ்சின: ஒருபக்கத் தோல் தட்டிலேயே ஒட்டிக்கொண்டது, வயிற்றுப் பகுதியில் இலேசான கவிச்சி இருந்தது.

பதில் 1

கவிச்சிக்குக் காரணம் வயிற்றுக்குள் நடுமுள்ளை ஒட்டி ஓடும் இரத்தக் கோடு. சந்தையில் அவசரமாகச் சுத்தம் செய்பவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள். மேலே உள்ள சவ்வைக் கத்தி முனையால் கீறி, கட்டைவிரலால் சுரண்டிக் குழாய் நீரில் கழுவுங்கள். செவுளில் ஒரு துணுக்கும் மிஞ்சக் கூடாது. வெந்த பிறகு எத்தனை எலுமிச்சை பிழிந்தாலும் அந்த வாடை முழுமையாகப் போகாது.

தோல் ஒட்டாமல் இருக்க, தட்டில் வட்டமாக நறுக்கிய பெரிய வெங்காயத்தை அடுக்கி, எண்ணெய் தெளித்து, அதன் மேல் மீனைக் கிடத்துங்கள். மீனிலிருந்து வடியும் சாற்றில் அந்த வெங்காயமும் வதங்கிவிடும், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வேறொன்றும் தேட வேண்டியதில்லை. எடுத்தவுடன் புரட்டாமல் ஐந்து நிமிடங்கள் ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது தோல் கிழியும்.